கடலோரத்து ஒன்பது இஞ்ச் தூணும் செக்‌ஷன் மென்பொருளும்

கேள்வி இது: "கடலூரில் சின்னதாக ஒரு டிசைன் ஆபீஸ் வைத்திருக்கிறேன். தேவனாம்பட்டினத்தில் தரைத்தளமும் மேலே இரண்டு மாடியுமாக ஒரு வீடு வந்திருக்கிறது. பீம், தூண் இரண்டுமே 230-க்கு 450. ஈடாப்ஸ் என்ற கட்டிட வடிவமைப்பு மென்பொருளை வாங்க இப்போதைக்கு வசதி இல்லை. ஒரு குறுக்குவெட்டு எவ்வளவு தாங்கும் என்று மட்டும் பார்க்க இலவச மென்பொருள் உண்டா? அது தரும் விடையை அப்படியே எடுத்துக்கொள்ளலாமா? பக்கத்துத் தெருவில் கம்பி துருப்பிடித்த ஒரு பழைய பீம் இருக்கிறது. அதையும் இதில் சோதிக்க முடியுமா?"

உண்டு. இலவசமாகவே நல்ல கருவிகள் இருக்கின்றன. பெயர்களைக் கீழே சொல்கிறேன். அதற்கு முன் ஒரு விஷயம். உங்கள் வீடு கடற்கரைக்குப் பக்கத்தில் இருக்கிறது, உங்கள் தூணின் அகலம் ஒன்பது இஞ்ச், அதாவது 230 மி.மீ. இந்த இரண்டும் சேரும்போது எந்த மென்பொருளை எடுக்கிறீர்கள் என்பதைவிட, 'கவர்' (கம்பியை மூடியிருக்கும் கான்கிரீட்டின் கனம்) என்று கேட்கும் கட்டத்தில் என்ன எண்ணைத் தட்டுகிறீர்கள் என்பதுதான் விடையைத் தீர்மானிக்கும். ஏன் என்று எண்களோடு காட்டுகிறேன்.

விலை லட்சமானாலும் இலவசமானாலும் உள்ளே ஓடுவது ஒரே கணக்குதான். குறுக்குவெட்டை, அதாவது செக்‌ஷனை, மெல்லிய பட்டைகளாகப் பிரித்துக்கொள்ளும். வளைவதற்கு முன் தட்டையாக இருந்த வெட்டு வளைந்த பிறகும் தட்டையாகவே இருக்கும் என்று வைத்துக்கொள்ளும். அழுத்தம் படும் விளிம்பில் கான்கிரீட்டின் திரிபு (நீளத்தில் எத்தனை பங்கு மாறுகிறது என்பது) 0.0035, நடுநிலை அச்சு (அழுத்தமும் இழுவையும் இல்லாத கோடு) இன்ன ஆழத்தில் என்று ஓர் ஊகம் வைத்தால், ஒவ்வொரு பட்டையின் திரிபும் ஒவ்வொரு கம்பியின் திரிபும் தெரிந்துவிடும். திரிபிலிருந்து தகைவு, தகைவைப் பரப்பால் பெருக்கினால் விசை. எல்லா விசையையும் கூட்டிப் பார்க்கும். வெளியிலிருந்து வரும் சுமையோடு அது ஒத்துப்போகாவிட்டால் நடுநிலை அச்சை நகர்த்தி மறுபடி கூட்டும். ஒத்துப்போன இடத்தில் மொமென்ட்டை, அதாவது வளைக்கும் திருப்புத்திறனை, எடுத்துக் கொடுக்கும். நம்முடைய கான்கிரீட் விதிநூலான ஐ.எஸ். 456 (2000) கான்கிரீட்டுக்குத் தரும் தகைவு–திரிபு வளைகோடு இப்படி: 0.002 திரிபு வரை பரவளைவு, அங்கிருந்து 0.0035 வரை கிடைக்கோடு, உச்சத்தில் கியூப் வலிமையின் 0.446 மடங்கு. கான்கிரீட்டுக்கு 1.5, கம்பிக்கு 1.15 என்ற பாதுகாப்புக் காரணிகளும் அதில் அடக்கம்.

எந்தக் கருவியை இறக்கினாலும் முதலில் விடை தெரிந்த ஒரு பீமைக் கொடுத்துப் பாருங்கள். உங்கள் 230-க்கு 450 பீமையே எடுத்துக்கொள்வோம். எம்30 கான்கிரீட் (கியூப் வலிமை 30 மெகாபாஸ்கல்), அடியில் 16 மி.மீ. கம்பி மூன்று, எஃப்.ஈ. 500 (500 மெகாபாஸ்கல் வலிமை கொண்ட கம்பி). கம்பிகளைச் சுற்றிக் கட்டும் ரிங் 8 மி.மீ., ரிங்குக்கு வெளியே கவர் 45. அப்படியானால் கம்பியின் மையம் அடியிலிருந்து 61 மி.மீ. மேலே; பயனுறு ஆழம், அதாவது மேல் விளிம்பிலிருந்து கம்பி மையம் வரை, 389. கம்பிப் பரப்பு 603 ச.மி.மீ., அதன் இழுவிசை 262 கிலோநியூட்டன். நடுநிலை அச்சின் ஆழம் 105.6 மி.மீ. வருகிறது. ஆழத்தோடு ஒப்பிட்டால் 0.27, எஃப்.ஈ. 500-க்கு அனுமதிக்கப்பட்ட 0.46-க்கு நன்றாகவே கீழே. தாங்கும் மொமென்ட் 90.4 கிலோநியூட்டன் மீட்டர். மென்பொருள் இதே எண்ணை ஒரு சதவீத வித்தியாசத்துக்குள் கொடுத்தால் நீங்கள் உள்ளிட்டது சரி. 107 பக்கம் கொடுத்தால் பாதுகாப்புக் காரணிகள் இல்லாமல் ஓடுகிறது என்று அர்த்தம். அந்தக் காரணிகளை எடுத்துவிட்டுக் கையால் போட்டாலே 107 வந்துவிடும்.

இந்த 107 வேண்டுமென்றே சொன்ன எண். இலவசக் கருவிகளில் எனக்கு மிகவும் பிடித்த ரெஸ்பான்ஸ்-2000 அப்படித்தான் ஓடும். கனடாவின் டொராண்டோ பல்கலைக்கழகத்தில் மைக்கேல் காலின்ஸின் வழிகாட்டுதலில் இவான் பென்ட்ஸ் எழுதியது. விண்டோஸில் ஓடும் சின்ன நிரல். செக்‌ஷனை வரைந்து காட்டும், விரிசல் எப்படி விழும் என்று காட்டும், மொமென்ட்டுக்கு வளைவு எப்படிக் கூடுகிறது என்று கோடு போடும். வெட்டுவிசையையும் மொமென்ட்டையும் சேர்த்துக் கணக்கிடுவது அதன் தனிச்சிறப்பு. ஒரு பீம் உண்மையில் எப்படி உடையும் என்று புரிந்துகொள்ள அதைப்போல் ஒன்று கிடைப்பது அரிது. ஆனால் அது எந்த நாட்டு விதிநூலையும் பின்பற்றுவதில்லை. பொருளின் உண்மையான வலிமையைக் கேட்கும், உண்மையான தாங்குதிறனைச் சொல்லும். குறைக்கும் வேலை உங்களுடையது. அதோடு ஒரு திசை வளைவை மட்டும்தான் பார்க்கும். மூலைத் தூணுக்கு உதவாது.

இன்னொரு பொறி, இதில் மட்டுமில்லை, வெளிநாட்டுக் கருவி எல்லாவற்றிலும் உண்டு. நாம் 150 மி.மீ. கியூபை உடைத்து எம்30 என்கிறோம். அமெரிக்காவிலும் கனடாவிலும் சிலிண்டரை உடைக்கிறார்கள். அதே கான்கிரீட் சிலிண்டரில் ஏறக்குறைய 0.8 மடங்குதான் காட்டும். ஆகவே நம் எம்30 அவர்களுக்கு 24, 25 மெகாபாஸ்கல். கட்டத்தில் 30 என்று தட்டினால் இல்லாத வலிமையைக் கால்பங்கு கூட்டிவிட்டீர்கள். பீமில் இது பெரிதாகத் தெரியாது, அங்கே கம்பிதான் ஆட்சி செய்கிறது. தூணில் அப்படியே போய் உட்காரும். எஸ்பி-காலம் (spColumn) போன்ற பெயர்பெற்ற கருவியும் அமெரிக்க, கனடிய விதிநூல்களுக்காக எழுதப்பட்டதுதான். அதில் வரும் வரைபடத்தை ஐ.எஸ். 456 வரைபடம் என்று கட்டிடச் சொந்தக்காரரிடம் நீட்டக் கூடாது.

உங்கள் தேவைக்கு நான் சொல்வது பைத்தானில் ஓடும் 'கான்கிரீட் ப்ராப்பர்ட்டீஸ்'. ராபி வான் லூவன் என்ற ஆஸ்திரேலியப் பொறியாளர் எழுதிய திறந்த மூல நூலகம். எந்த வடிவச் செக்‌ஷனையும் கொடுக்கலாம், கான்கிரீட்டின் தகைவு–திரிபு கோட்டை நீங்களே வரையறுக்கலாம். அதாவது நம்முடைய பரவளைவையும் 0.446-ஐயும் கொடுத்தால் நம் விதிநூல்படியே விடை வரும். அச்சுச் சுமை–மொமென்ட் வரைபடமும் இரு திசை வளைவும் அதில் உண்டு. பைத்தான் பழக்கமில்லையென்றால் கொஞ்சம் சிரமப்பட வேண்டும், ஆனால் அந்தச் சிரமத்துக்கு அது தகும். ஒரு கவனம்: செக்‌ஷன் முழுவதும் அழுத்தத்தில் இருக்கும்போது ஐ.எஸ். 456, விளிம்புத் திரிபை 0.0035-இலிருந்து படிப்படியாக 0.002-க்கு இறக்கச் சொல்கிறது. பொதுவான கருவிகள் பல இதைச் செய்வதில்லை. வரைபடத்தின் உச்சிப் பக்கம் மட்டும் கொஞ்சம் விலகும்.

பைத்தானும் வேண்டாமா? எக்செல் போதும். 230 மி.மீ. ஆழத்தை 5 மி.மீ. பட்டைகளாகப் போட்டால் 46 வரிசை, கம்பிக்கு இரண்டு வரிசை, நடுநிலை அச்சைத் தேட எக்செலிலேயே இருக்கும் கோல்சீக் வசதி. ஒரு சாயங்காலத்து வேலை. இதை ஒரு முறை சொந்தமாகச் செய்த பொறியாளர் அதற்குப் பிறகு எந்த மென்பொருளின் விடையையும் வேறு கண்ணோடு பார்ப்பார். காலேஜில் எஸ்.பி. 16 வரைபடத்தில் ஸ்கேல் வைத்துப் படித்ததோடு நின்றுவிடும் பிள்ளைகளுக்கு இதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்கிறேன்.

எஸ்.பி. 16 பேச்சு வந்ததால் விஷயத்துக்கு வருகிறேன். 1980-இல் வந்த அந்தக் கையேடுதான் இன்றும் நம் ஊர் டிசைன் ஆபீஸ்களில் தூணுக்குத் துணை. அதன் தூண் வரைபடங்களில் கம்பி மையத்தின் தூரத்தைத் தூணின் ஆழத்தால் வகுத்த எண் 0.05, 0.10, 0.15, 0.20 என்று நான்கு படிகள்தான். உங்கள் தூணை அதில் வைத்துப் பாருங்கள். கடலோரச் சூழலை ஐ.எஸ். 456 'கடுமை' வகையில் சேர்க்கிறது: குறைந்தது எம்30, கவர் 45 மி.மீ. கடல்நீர்த் துளி நேரே வந்து படும் பரப்பென்றால் 'மிகக் கடுமை': எம்35, கவர் 50. இந்தக் கவர் ரிங்குக்கு வெளியே அளக்க வேண்டியது. ஆக 45, ரிங் 8, கம்பியில் பாதி 8, மொத்தம் 61. இதை 230-ஆல் வகுத்தால் 0.265. வரைபடம் 0.20-இலேயே முடிந்துவிடுகிறது! கடலோரத்து ஒன்பது இஞ்ச் தூணுக்கு எஸ்.பி. 16-இல் இடமே இல்லை. 0.20 வரைபடத்தை எடுத்துத் தோராயமாகப் போட்டுவிடுவது பரவலாக நடக்கிறது, அது பாதுகாப்பான பக்கத்துத் தோராயம் கிடையாது. உங்களுக்கு மென்பொருள் உண்மையாகவே தேவைப்படுவது இந்த இடத்தில்தான்.

சரி, எவ்வளவு வித்தியாசம் வந்துவிடும்? அதே பீமில் கவரை 25 என்று போட்டிருந்தால் 90.4-க்குப் பதில் 95.6 வந்திருக்கும். ஐந்தாறு சதவீதம். இதைப் பார்த்துப் பழகியதால்தான் கவரைப் பெரிதாக யாரும் நினைப்பதில்லை. இப்போது தூண். 230-க்கு 450, எம்30, 16 மி.மீ. கம்பி ஆறு, நீளப் பக்கத்துக்கு மூன்றாக. காரணிகளோடு 600 கிலோநியூட்டன் சுமை இருக்கும்போது, 230 திசையில் வளைந்தால் எவ்வளவு தாங்கும்? கவர் 25 என்றால் 71 கிலோநியூட்டன் மீட்டர். கவர் 45 என்றால் 58. கிட்டத்தட்ட ஐந்தில் ஒரு பங்கு காணாமல் போய்விட்டது. காரணம் எளிது: எதிரெதிர்க் கம்பிகளுக்கு நடுவே இருந்த 148 மி.மீ. இடைவெளி 108 ஆகிவிட்டது. தூணின் நடுவை நோக்கிக் கம்பி ஒதுங்க ஒதுங்க அது சும்மா நிற்கும் கம்பி.

இங்கேதான் மென்பொருளின் அந்தக் கட்டம் முக்கியமாகிறது. சிலவற்றில் கவர் என்றால் ரிங்குக்கு வெளியே, சிலவற்றில் முதன்மைக் கம்பியின் மேற்பரப்பு வரை, சிலவற்றில் கம்பியின் மையம் வரை. மையம் கேட்கும் கட்டத்தில் 45 என்று தட்டினால் நீங்கள் 29 மி.மீ. கவர் உள்ள ஒரு தூணைச் சோதித்துவிட்டுக் கடற்கரையில் வேறொரு தூணைக் கட்டுகிறீர்கள். பெரும்பாலான கருவிகள் செக்‌ஷனை வரைந்து காட்டும். அந்தப் படத்தில் கம்பி மையத்தின் தூரத்தை அளந்து 61 என்று கண்ணால் பார்த்த பிறகே அடுத்த பொத்தானுக்குப் போங்கள்.

இந்த இடத்தில் சிலர், "அப்படியானால் கவரைக் குறைத்துவிடலாமே, பலம் கூடுமே" என்பார்கள். குறைக்கவே கூடாது. 71 என்ற எண் வீடு குடிபுகும் அன்றைக்கு மட்டும் உண்மை. உப்புக்காற்று உள்ளே போய்க் கம்பியைத் தொட்ட நாளிலிருந்து அது இறங்க ஆரம்பிக்கும். சரியான வழி தூணை அகலமாக்குவது. அதே ஆறு கம்பி, அதே 45 கவர், 230-ஐ 300 ஆக்குங்கள்: 600 கிலோநியூட்டன் சுமையில் தாங்கும் மொமென்ட் 58-இலிருந்து 101-க்குப் போகிறது. கம்பி 0.89 சதவீதம், குறைந்தபட்ச 0.8-க்கு மேல்தான். கூடுவது கான்கிரீட் மட்டும். நில அதிர்வு விவரிப்புக்கான ஐ.எஸ். 13920 (2016) தூணின் சிறு பக்கம் 300-க்குக் குறையக் கூடாது என்று சொல்வதும் நினைவிருக்கட்டும். சுவரைத் தாண்டித் தூண் துருத்தும், பீரோ வைக்க இடைஞ்சல் என்று வீட்டுக்காரர் முகம் சுளிப்பார். இந்த இரண்டு எண்களையும் அவர் முன்னால் வையுங்கள். கடலோரத்தில் ஒன்பது இஞ்ச் தூணுக்காக வாதாடும் எந்தக் காரணமும் எனக்கு இதுவரை திருப்தி தரவில்லை.

வரைபடத்தைப் படிக்கும்போது இன்னொன்று. சுமை குறைந்தால் தூண் பத்திரம் என்று மனசு சொல்லும். அதே 230 தூணுக்கு, 1000 கிலோநியூட்டனில் தாங்கும் மொமென்ட் 50, 600-இல் 58, 200-இல் மறுபடி 50. நடுவில் புடைத்து இரு பக்கமும் சரியும் வரைபடம் அது. புயல் அடிக்கும்போது மாடித் தூணில் சுமை குறைவு, மொமென்ட் அதிகம். 2011 டிசம்பர் 30-ஆம் தேதி 'தானே' புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவேதான் கரையேறியது. இந்தக் கரையில் காற்றைக் கடைசியாகப் பார்த்துக்கொள்ளலாம் என்று வைக்க முடியாது. நிலைச்சுமைக்கு 0.9, காற்றுக்கு 1.5 என்ற சேர்க்கையையும் அந்த வரைபடத்தில் ஒரு புள்ளியாக வைத்துப் பாருங்கள்.

மென்பொருளுக்குத் தெரியாத விஷயங்களும் இருக்கின்றன. செக்‌ஷன் மென்பொருளுக்குத் தூணின் உயரம் தெரியாது. பயனுறு நீளம் 3 மீட்டர் என்றால், 230-ஆல் வகுக்க 13 வருகிறது. 12-ஐத் தாண்டினாலே ஐ.எஸ். 456 கணக்கில் அது மெலிந்த தூண். 600 கிலோநியூட்டனுக்குக் கூடுதல் மொமென்ட் ஏறக்குறைய 11.7 கிலோநியூட்டன் மீட்டர் நீங்கள்தான் சேர்க்க வேண்டும். குறைந்தபட்ச விலக்கமும் (சுமை தூணின் மையத்திலிருந்து தள்ளி விழும் தூரம்) அப்படியே: 20 மி.மீ.க்குக் குறையாமல் வைக்க வேண்டும். பலர் வேகமாகப் போடும் நேர்ச்சுமைச் சூத்திரம், அதாவது கான்கிரீட்டுக்கு 0.4, கம்பிக்கு 0.67 என்பது, இந்த விலக்கம் தூண் ஆழத்தின் 0.05 மடங்குக்குள் இருந்தால்தான் செல்லும். 230-க்கு அது 11.5 மி.மீ. ஆகவே அந்தச் சூத்திரம் உங்கள் தூணுக்குப் பொருந்தாது. அது 1631 கிலோநியூட்டன் என்று காட்டும், நம்பாதீர்கள்.

மூலைத் தூணில் இரு திசை மொமென்ட்டும் வரும். அதற்கு விதிநூலின் கூட்டல் சூத்திரம் இருக்கிறது; பைத்தான் நூலகம் நேரடியாகவே கணக்கிடும். இரண்டையும் போட்டுப் பாருங்கள். கம்பி இருக்கும் இடங்களை ஒவ்வொன்றாகச் சரிபார்த்தால் போதும், இதில் வேறு வில்லங்கம் இல்லை. பின்னாளில் காசு சேர்ந்தால் ஈடாப்ஸோடு வரும் செக்‌ஷன் டிசைனரையோ ஆர்.சி.டி.சி. என்ற கான்கிரீட் வடிவமைப்பு மென்பொருளையோ வாங்கலாம், இரண்டும் ஐ.எஸ். 456 அறிந்தவை. இந்த வீட்டுக்காக வாங்க வேண்டியதில்லை.

கடைசியாக அந்தப் பழைய பீம். சோதிக்கலாம், ஆனால் மென்பொருளுக்கு முன் சுத்தியலும் கம்பி பிரஷும் காலிப்பரும் வேண்டும். துருவை நன்றாகத் தேய்த்து எடுத்த பிறகு மிஞ்சியிருக்கும் கம்பியின் விட்டத்தை அளக்க வேண்டும். துரு இரும்பைவிடப் பல மடங்கு இடம் பிடிக்கும், அதனால் தேய்க்காமல் அளந்தால் கம்பி தடித்திருப்பதுபோலத் தெரியும். 16 மி.மீ. கம்பி 14 ஆகியிருந்தால் பார்வைக்குச் சின்ன இழப்பு. பரப்பில் 23 சதவீதம் போய்விட்டது. நாம் முதலில் போட்ட பீமில் இதை வைத்தால் 90.4 இறங்கி 71 ஆகிறது. உப்பால் வரும் துரு சீராகத் தின்பதில்லை, குழி குழியாகத் தின்னும். எனவே நாலைந்து இடத்தில் அளந்து சராசரி எடுக்காமல், மிகவும் மெலிந்த இடத்தின் அளவைப் போடுங்கள். கம்பி மொழுமொழுவென்று இருந்தால் எஃப்.ஈ. 250 என்று வையுங்கள், முறுக்குக் கம்பி என்றால் 415. கான்கிரீட்டின் மேல் ஃபினால்ஃப்தலீன் தெளித்து ரோஸ் நிறம் வந்துவிட்டது, நல்ல கான்கிரீட் என்று சிலர் சொல்வார்கள். அது கார்பனேற்றத்தை மட்டும் காட்டும். உப்பு ஏறியிருப்பதைக் காட்டாது. கடலோரத்தில் குளோரைடு அளவைத் தனியாகச் சோதிக்க வேண்டும்.

அப்புறம், 71 என்பதும் முழு உண்மையாகாது. கம்பியைச் சுற்றிய கான்கிரீட் பிளந்திருந்தால் கம்பியும் கான்கிரீட்டும் சேர்ந்து நீளாது. 'வெட்டு தட்டையாகவே இருக்கும்' என்ற அடிப்படையே அங்கே உடைகிறது. மென்பொருள் இதைச் சொல்லாது, தன் எண்ணைக் கொடுத்துவிட்டுப் போய்விடும். பீமின் நடுவில் மட்டும் பிளவு, இரு முனையிலும் கம்பி நன்றாகப் பிடித்திருக்கிறது என்றால் அந்த எண்ணை ஓரளவு நம்பலாம். முனையிலேயே பிளந்திருந்தால் கணக்கை மூடி வைத்துவிட்டுப் பழுதுபார்க்கும் வேலையைத் தொடங்குங்கள். ரிங் வெளிப்பக்கம் இருப்பதால் முதலில் துருப்பிடிப்பது அதுதான்; வெட்டுவிசைத் தாங்குதிறனைத் தனியாகப் போட வேண்டும், ரிங் அறுந்திருந்தால் அதைப் பூஜ்யமாக வைத்து. எதைத் தட்டிப் பார்ப்பதற்கும் முன்னால் பீமுக்கு அடியில் முட்டுக் கொடுத்துவிடுங்கள்.